குற்றத்தைத் தடுப்பது யார் பொறுப்பு?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா மேடையிலே குற்றத்தைப் பற்றிப் பேசலாமா, இது கல்யாண வீட்டிலே கடன் கணக்குப் பேசுகிற மாதிரி அல்லவா என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். காரணத்தோடுதான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன். இன்று மேடை ஏறிப் பரிசு வாங்கும் பிள்ளைகள் சிலர். கீழே உட்கார்ந்து கைதட்டும் பிள்ளைகள் பலர். பரிசு வாங்கிய பிள்ளையை நாளைக்கு எல்லாரும் விசாரிப்போம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற பிள்ளையை யார் விசாரிப்பது? நாம் விசாரிக்காவிட்டால், அவனை விசாரிப்பதற்கென்றே சில பேர் தெருமுனையில் காத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வறுமை ஒன்றுதான் காரணமா?

ஒரு பையன் தப்பு வழிக்குப் போனால் உடனே நாம் சொல்கிற காரணம், "பாவம், கஷ்டப்பட்ட குடும்பம்" என்பதுதான். வறுமைக்கும் குற்றத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வறுமை மட்டுமே குற்றத்தைப் பிறப்பிக்கும் என்றால், நம் தாத்தா பாட்டிமார் எல்லாரும் திருடர்களாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? விடிகாலை இருட்டிலே பெரட்டுக்கு நின்று, கொசுக்கடியிலே பால்வெட்டி, கிடைத்த கூலியிலே பிள்ளைகளையும் வளர்த்து, இந்தப் பள்ளிக்கும் கோயிலுக்கும் தலைக்கு இவ்வளவு என்று நன்கொடை கொடுத்தவர்கள் அவர்கள். கை சுத்தமாக வாழ்ந்தார்கள். அதே சமயம், வங்கியிலும் பெரிய கம்பெனியிலும் கோடிக்கணக்கில் சுருட்டுகிறவன் பசியிலா சுருட்டுகிறான்?

ஆக, வறுமையோடு வேறு எதுவோ சேர வேண்டியிருக்கிறது. அது என்ன?

1979-ஆம் ஆண்டு லாரன்ஸ் கோயன், மார்க்கஸ் ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார்கள். மூன்று விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சேர்ந்தால்தான் குற்றம் நடக்கும் என்றார்கள். ஒன்று, செய்யத் துணிந்த ஆள். இரண்டு, அவன் கைக்கு எட்டுகிற பொருள் அல்லது மனிதர். மூன்று, அங்கே கேட்க ஆள் இல்லாத நிலை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் குற்றம் நடக்காது. வீட்டு வாசலில் பூட்டாத மோட்டார் சைக்கிள் நிற்கிறது, திருட நினைப்பவனும் வருகிறான், ஆனால் எதிர் வீட்டுப் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, "யாருப்பா நீ? யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், அவன் நடையைக் கட்டிவிடுவான். அந்தப் பாட்டி கையில் துப்பாக்கி இல்லை, லத்தி இல்லை. கேட்கிற வாய் ஒன்றுதான் இருந்தது.

லயமும் அடுக்குமாடியும்

பழைய தோட்டத்து லயத்தை நினைத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு ஒரே சுவர். யார் வீட்டில் என்ன சமையல் என்பது வாசனையிலேயே தெரியும். பிள்ளை பள்ளிக்குப் போகாமல் ஆற்றுப்பக்கம் திரிந்தால், அவன் வீடு போய்ச் சேருவதற்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். ஆயாக்கொட்டகையிலே கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அந்நிய முகம் ஒன்று தோட்டத்துக்குள் நுழைந்தால் பத்துப் பேர் கேட்பார்கள்.

அந்தக் கட்டு எப்படிக் குலைந்தது என்பது உங்களுக்கே தெரியும். 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஆள் தேவை குறைந்தது. அதற்குப் பிறகு நிலமே கைமாறி வீடமைப்புத் திட்டமாகவும் நகரமாகவும் ஆனது. இன்று புத்ராஜெயா நிற்கும் இடத்திலே முன்பு பிராங் புசார் ரப்பர்த் தோட்டம் இருந்தது. இப்படி வெளியேறிய குடும்பங்கள் பல, புறம்போக்குக் குடிசைகளுக்கும், பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போய்ச் சேர்ந்தன. வேலை போனது, வீடு போனது என்று கணக்குப் பார்த்தோம். கேட்க ஆள் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை. அப்பா இரவு ஷிப்ட், அம்மா பகல் ஷிப்ட், பிள்ளையின் கழுத்திலே வீட்டுச் சாவி. பக்கத்துக் கதவு எப்போதும் சாத்தியே இருக்கிறது. அங்கே வளர்கிற பிள்ளை பள்ளிக்குப் போனானா இல்லையா என்று யாருக்குத் தெரியும்?

அதற்காகப் பழைய தோட்டம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. சம்சு குடித்துவிட்டு வந்து பெண்டாட்டியை அடித்த சத்தம் அந்த ஒற்றைச் சுவருக்கு அப்பால் எல்லாருக்கும் கேட்டது. "புருசன் பெண்டாட்டி விவகாரம், நமக்கு எதுக்கு?" என்று எத்தனை பேர் திரும்பிப் படுத்தோம்! காது இருந்தும் கேட்காமல் இருந்ததும் உண்டு. கேட்க வேண்டிய இடத்தில் கேட்காவிட்டால் பத்து வீடு சேர்ந்திருந்தும் பயனில்லை.

கும்பல் கொடுக்கும் பரிசு

இப்போது மேடை ஏறாத பிள்ளைக்கு வருவோம். அவன் படிப்பில் கொஞ்சம் பின்தங்கியவன். ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறான். புது இடம், புது மொழிச் சூழல், பெரிய வகுப்பு. பாடம் புரியவில்லை. பின் பெஞ்சில் உட்காருகிறான். பிறகு வாரத்தில் ஒரு நாள் மட்டம், இரண்டு நாள் மட்டம். ஒரு நாள் தெருமுனையில் ஒரு 'அண்ணன்' அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். "சாப்பிட்டியாடா?" என்று கேட்கிறான். ரொட்டி சானாய் வாங்கிக் கொடுக்கிறான். மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்கச் சொல்கிறான். யாரிடமாவது அடிபட்டால் "நான் இருக்கேன்" என்கிறான். பள்ளியில் கிடைக்காத பரிசு அங்கே கிடைக்கிறது. பெயர், சோறு, கூட்டம், மரியாதை!

டிராவிஸ் ஹெர்ஷி என்ற அறிஞர் 1969-இல் வெளியிட்ட நூலில் கேள்வியையே திருப்பிப் போட்டார். சிலர் ஏன் குற்றம் செய்கிறார்கள் என்று கேட்பதை விட, மற்றவர்கள் ஏன் செய்யாமல் இருக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார். நான்கு கயிறுகள் அவர்களைக் கட்டி வைத்திருக்கின்றன என்றார். பெற்றோர், ஆசிரியர் மேல் உள்ள பாசம். படிப்பு, வேலை என்று இழக்க மனம் வராத ஓர் எதிர்காலம். நேரத்தை நிரப்பும் நல்ல வேலைகள். சட்டமும் ஒழுங்கும் நியாயமானவை என்ற நம்பிக்கை. இந்த நான்கு கயிறும் அறுந்த பிள்ளையைக் கும்பல்காரன் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்கிறான். நமக்குத்தான் தெரிவதில்லை.

நம் வள்ளுவப் பெருந்தகை நட்புக்கென்று ஐந்து அதிகாரங்கள் ஒதுக்கினார். அவற்றில் இரண்டு, தீ நட்பும் கூடா நட்பும். கெட்ட சேர்க்கையைப் பற்றி இருபது குறள் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது என்றால், அந்த ஆபத்து எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

மாணவர்களே, நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோத இயக்கங்களாக அறிவித்தது. 1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டப்படி அவற்றில் உறுப்பினராக இருப்பதே குற்றம். "நான் சும்மா கூட நின்னேன்" என்று சொன்னால் தப்பித்துவிட முடியாது. நம் நாட்டில் பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் செயல் குற்றமாகாது என்று தண்டனைச் சட்டம் சொல்கிறது. அதற்கு மேல் போனால் 18 வயது வரை சிறார் நீதிமன்றம் இருக்கிறது. சின்னப் பையன்தானே என்று உன்னை முன்னால் தள்ளிவிடுகிறவன் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் தள்ளுகிறான். பொட்டலத்தை நீ கொண்டு போவாய், பிடிபடுவதும் நீதான். அன்றைக்கு அந்த 'அண்ணன்' வக்கீல் வைக்க வரமாட்டான். வருகிறவர், தாலிக்கொடியை அடகு வைத்துவிட்டு வருகிற உன் அம்மாதான்.

பாதிக்கப்பட்டவர் தலை குனிய வேண்டாம்

குற்றம் செய்தவனைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம். குற்றத்துக்கு ஆளானவரைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்? ஐக்கிய நாட்டுச் சபை 1985-இல்தான் பாதிக்கப்பட்டோருக்கு நீதியும் உதவியும் கிடைக்க வேண்டும் என்று ஒரு பிரகடனம் செய்தது. அவர்களைப் பரிவோடும் மரியாதையோடும் நடத்த வேண்டும் என்பது அதன் சாரம். நம் வழக்கம் என்ன? சங்கிலி பறிகொடுத்த பெண்ணைப் பார்த்து, "இந்த நேரத்துல ஒன்னை யாரு நகை போட்டுக்கிட்டு நடக்கச் சொன்னா?" என்று கேட்கிறோம். பறித்தவனை யாரும் கேட்பதில்லை. இப்படி நாம் பேசப் பேச, அடுத்து பாதிக்கப்படுகிறவர் வாயைத் திறக்க மாட்டார். அவர் வாய் மூடினால் குற்றவாளிக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு இல்லை.

மூன்று விஷயங்களை மட்டும் எடுத்துச் சொல்கிறேன்.

முதலாவது, கடன். 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி, உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. ஆயிரம் வெள்ளிக்கு ஓர் ஆண்டுக்கு 180 வெள்ளி. ஆலோங்கிடம் போனால் கணக்கு வேறு. வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து என்று பேசினால், வாரம் 100 வெள்ளி, 52 வாரத்தில் 5,200 வெள்ளி கட்டியிருப்பீர்கள். முதல் ஆயிரம் அப்படியே நிற்கும்! பிறகு வாசலில் சிவப்புச் சாயம், பிள்ளையின் பள்ளி வாசலில் மிரட்டல். அடையாளக் கார்டையும் ஏ.டி.எம். அட்டையையும் அவனிடம் ஒப்படைக்காதீர்கள். மிரட்டல் வந்தால் மறைக்காமல் போலீசில் புகார் செய்யுங்கள். கடன் வாங்கியது குற்றமல்ல. உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடுவதும் மிரட்டுவதும்தான் குற்றம்.

இரண்டாவது, தொலைபேசி மோசடி. "உங்க பேர்ல கேஸ் இருக்கு, பணத்தை இந்தக் கணக்குக்கு மாத்துங்க" என்று போலீஸ் அதிகாரி மாதிரியே ஒருவன் பேசுவான். எந்தப் போலீஸ்காரரும், எந்த நீதிமன்றமும் தொலைபேசியில் பணம் மாற்றச் சொல்லாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 என்ற எண்ணை உடனே அழையுங்கள். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் தடுத்து நிறுத்தத்தான் அந்த எண். படித்து முடித்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: "உன் வங்கிக் கணக்கைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் ஓடி வந்துவிடுங்கள். ஏமாந்த கிழவியின் பணம் உங்கள் கணக்கில்தான் வந்து விழும். கணக்கை இரவல் கொடுப்பதைக் குற்றமாக்கி 2024-இல் தண்டனைச் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை. 1994-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. 2017-இல் செய்த திருத்தத்தால், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு தரலாம். 15999 என்பது தாலியான் காசே உதவி எண். அரசாங்க மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களைக் கவனிக்கத் தனிப் பிரிவு உண்டு. குழந்தைகளிடம் தகாத முறையில் நடந்துகொள்பவன் பெரும்பாலும் வெளியாள் அல்ல. குடும்பத்துக்குத் தெரிந்தவனாகவே இருப்பான். பிள்ளை வந்து சொன்னால், "சும்மா இரு, வெளியே தெரிஞ்சா மானம் போயிடும்" என்று அடக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டுச் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டப்படி, தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். மானம் போக வேண்டியது செய்தவனுக்கு. பிள்ளைக்கு அல்ல.

போலீஸ் என்ன செய்யும்?

நம் நாட்டுக் காவல்துறை மார்ச் 25-ஆம் நாளைப் போலீஸ் தினமாகக் கொண்டாடுகிறது. 1807-இல் அந்த நாளில் பினாங்கில் நீதிச் சாசனம் வழங்கப்பட்டதே அதன் தொடக்கம். 1829-இல் இலண்டனில் ராபர்ட் பீல் புதுப் போலீஸ் படையை அமைத்தபோது, குற்றம் நடந்த பிறகு பிடிப்பதைக் காட்டிலும் நடக்காமல் தடுப்பதே முதல் வேலை என்று வைத்தார்கள். நல்ல போலீசுக்கு அடையாளம் நிரம்பிய லாக்கப் அல்ல, அமைதியான தெரு.

அதற்கான ஏற்பாடுகள் நம்மிடம் உண்டு. காவல்துறையில் குற்றத் தடுப்புக்கும் சமூகப் பாதுகாப்புக்கும் தனி இலாகாவே இருக்கிறது. பள்ளிகளுக்குத் தொடர்பு அதிகாரிகள் இருக்கிறார்கள். 1975-இல் தொடங்கிய ருக்குன் தெத்தாங்கா அமைப்பும் அதன் ரோந்துப் படையும் இருக்கின்றன. 2012-இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரு போலீஸ் நிலையத்தில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்? அவர்களால் எல்லா வாசலிலும் நிற்க முடியுமா? நடந்ததையும் நடக்கப் போவதையும் நாம் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

சொல்ல நாம் ஏன் தயங்குகிறோம்? பிள்ளை சாப்பிட அடம் பிடித்தால், "போலீஸ் மாமா புடிச்சிட்டுப் போயிடுவாரு" என்று பயமுறுத்திச் சோறு ஊட்டுகிறோம். நாளைக்கு அவனை ஒருவன் மிரட்டினால் போலீசிடம் எப்படிப் போவான்? அதோடு, நம் மக்களிடம் போலீஸ் மீது ஒரு கசப்பும் இருக்கிறது. தடுப்புக் காவலில் மரணம் என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. அதை மறைத்துவிட்டு நம்பிக்கையைப் பற்றிப் பேசுவது நியாயமில்லை. 2004-இல் அமைந்த அரச விசாரணை ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. போலீசாரின் நடத்தை மீதான புகாரை விசாரிக்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலையில்தான் பணியைத் தொடங்கியது. மெதுவாகத்தான் நடக்கிறது, நாமும் விடாமல் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். போலீசுக்கு மக்கள் தகவல் வேண்டும்; மக்களுக்குப் போலீசிடம் நியாயம் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தெருவில் அமைதி.

உங்கள் உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. கொடுத்த புகாரின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நான்கு வாரம் கழிந்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். கைது செய்து விசாரிக்கத்தக்க குற்றமாக இருந்தால், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டம் சொல்கிறது. உங்கள் பிள்ளையையே கைது செய்துவிட்டால், காரணம் சொல்ல வேண்டும். குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தெரிவிக்க அனுமதிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அழுதுகொண்டு வெளியே நிற்காமல், இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளைக் காலையிலிருந்து

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நான்கு காரியம் போதும்.

ஒன்று: காரணம் தெரியாமல் மூன்று நாள் பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து யாராவது ஒருவர் நேரில் போக வேண்டும். கண்டிக்கப் போக வேண்டாம். "என்ன விஷயம், உடம்புக்கு முடியலையா?" என்று கேட்கப் போனால் போதும்.

இரண்டு: ஆறாம் ஆண்டு முடித்துப் போகும் பிள்ளைகளின் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலாம் படிவத்தில் அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று ஆண்டுக்கு இரண்டு தடவை விசாரியுங்கள். அறுந்து போகும் கயிறு பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது.

மூன்று: கோயில் திடலோ பள்ளித் திடலோ, மாலையில் பிள்ளைகள் பந்து விளையாட, சிலம்பம் பழக, கூடிப் படிக்க ஓர் இடமும் ஒரு பெரியவரும் இருக்கட்டும். வேலையற்ற மாலை நேரத்தைத்தான் கும்பல் குத்தகைக்கு எடுக்கிறது.

நான்கு: நாளைக்குப் பக்கத்துக் கதவைத் தட்டி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆபத்தென்றால் 999-ஐ அழைப்போம். அந்த வண்டி வந்து சேரும் வரை உங்களுக்கு உதவப் போகிறவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

மாணவச் செல்வங்களே! பரிசு வாங்கியவர்களுக்கு என் பாராட்டு. உங்கள் வகுப்பில் பரிசு வாங்காத நண்பன் ஒருவன் இருப்பான். அவனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் சொல்லிக் கொடுங்கள். அவன் வரவில்லை என்றால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அது கோள் மூட்டுவது ஆகாது, நட்பு.

பெற்றோர்களே! இன்று இரவு வீட்டுக்குப் போனதும், கைப்பேசியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, "இன்னைக்கு என்ன நடந்துச்சு, யாரோட பேசினே?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். அவன் பதிலை முழுசாகக் கேளுங்கள். சாப்பிட்டாயா என்ற கேள்வியை உங்கள் பிள்ளை முதலில் உங்கள் வாயிலிருந்துதான் கேட்க வேண்டும். தெருமுனையில் நிற்கிறவன் வாயிலிருந்து அல்ல.

குற்றத்தைத் தடுப்பது யார் பொறுப்பு என்று கேட்டேன். சட்டையிலே பட்டை போட்டவருக்குப் பாதி. அக்கறையோடு கேட்கத் தெரிந்த நமக்கு மீதிப் பாதி.